கழுதைக்கு வழிவிடும் நகரம்



ஒரு குல்லாயிலிருந்து தொடங்குகிறேன். உயரமான சிவப்புக் குல்லாய்; உச்சியில் கறுப்புக் குஞ்சம். உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். சம்பள நாளன்று துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வரும் பாய் ஒருவர் அப்படிப்பட்ட குல்லாய் போட்டிருப்பார் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். நம்மவர்கள் அதைத் துருக்கித் தொப்பி என்றார்கள். வெள்ளைக்காரர்கள் ‘ஃபெஸ்’ என்றார்கள். அது ஓர் ஊரின் பெயர் என்பதே, ஆசிரியர் பயிற்சி முடித்து வகுப்பில் உலகப் படத்தை மாட்டத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

அந்த ஊர் வட ஆப்பிரிக்காவில், மொரோக்கோ நாட்டில் இருக்கிறது. ஆண்டு இறுதி விடுமுறையில் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியனுக்கு இது எப்படிக் கட்டுப்படியானது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மூன்று வருடம் சீட்டுக் கட்டினேன். துணைக்கு வந்தவர் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பர். தமிழ் முஸ்லிம், நான் அவரைப் பாய் என்றுதான் அழைப்பேன். கோலாலம்பூரில் விமானம் ஏறி, இஸ்தான்புல்லில் மாறி, காசாபிளாங்காவில் இறங்கி, அங்கிருந்து நாலு மணி நேரம் ரயிலில் போனோம். ஒலிவ மரத் தோட்டங்களும் கோதுமை வயல்களும் மாறி மாறி வந்தன. வரிசை பிடித்து நட்ட மரத்தைப் பார்த்தால் எத்தனை ஏக்கர் இருக்கும், எத்தனை பேர் வேலை செய்வார்கள் என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. தோட்டத்தில் பிறந்தவன் புத்தி!

ஃபெஸ் இன்று பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெரிய நகரம். பிரெஞ்சுக்காரர்கள் போட்ட அகலமான சாலைகள், கடைகள், வங்கிகள் எல்லாம் உண்டு. நான் சொல்லப்போவது அதைப் பற்றியன்று. மதில் சூழ்ந்த பழைய நகரத்தைப் பற்றி. ‘மெதினா’ என்பார்கள். அதற்குள் கார் இல்லை, லாரி இல்லை. வர இடமில்லை! ஒன்பதாயிரம் சந்துகளுக்கு மேல் இருக்கின்றன என்று கணக்குச் சொல்கிறார்கள். சில சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

பூ ஜெலூத் வாசல் வழியாக நுழைந்தோம். மூன்று வளைவுகள் கொண்ட அழகான வாசல். வெளிப்பக்கம் நீல ஓடு, உள்பக்கம் பச்சை ஓடு. நீலம் ஃபெஸ் நகரத்தின் நிறம், பச்சை இஸ்லாத்தின் நிறம் என்றார்கள். ஆயிரம் வருடத்து வாசல் என்று நினைத்துத்தான் பாயும் நானும் படம் பிடித்துக்கொண்டோம். பிறகு விசாரித்தால், 1913இல் பிரெஞ்சு ஆட்சியில் கட்டியதாம். அதற்குப் பக்கத்தில் ஒதுங்கி, யாரும் படம் பிடிக்காமல் நிற்கிறதே, அந்தச் சின்ன வாசல்தான் பழையது.

நுழைந்து பத்து நிமிடம் ஆகவில்லை. முதுகுக்குப் பின்னால் “பாலாக்! பாலாக்!” என்று ஒரு கூவல். பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். எரிவாயுத் தோம்புகளை இரு பக்கமும் கட்டிக்கொண்டு ஒரு கோவேறு கழுதை என்னை உரசிக்கொண்டு போனது. ‘வழி விடு’ என்று அர்த்தமாம். மாவு மூட்டை, செங்கல், ஆட்டுத் தோல், குளிர்பானப் பெட்டி எல்லாம் அங்கே கழுதை முதுகில்தான் போகின்றன. வெளியூர்க்காரன், உள்ளூர்க்காரன், பணக்காரன், பிச்சைக்காரன் என்று பாராமல் எல்லாரும் கழுதைக்கு வழிவிடுகிறார்கள். அந்த ஊரில் நாங்கள் முதலில் கற்றுக்கொண்ட சொல் அதுதான்.

பிழைக்க வந்தவர்களின் ஊர்

நகரம் உண்டான கதையைக் கேளுங்கள். கி.பி. 786இல் மக்காவுக்கு அருகே நடந்த போரில் தோற்று உயிர் தப்பி ஓடியவர் இத்ரிஸ் என்பவர். நபிகள் நாயகத்தின் வழிவந்தவர். பாக்தாத்தில் ஆண்ட கலீபாவின் ஆட்களுக்கு எட்டாத தொலைவுக்கு வந்து, இங்கிருந்த பெர்பர் மக்களிடம் அடைக்கலம் கேட்டார். அவர்கள் அடைக்கலம் கொடுத்ததோடு நில்லாமல் அவரையே தலைவராகவும் ஏற்றுக்கொண்டார்கள். 789இல் ஆற்றின் ஒரு கரையில் ஊர் எழுந்தது. அவர் இறந்தபின் பிறந்த மகன் இரண்டாம் இத்ரிஸ், 809ஆம் ஆண்டு வாக்கில் எதிர்க்கரையில் இன்னோர் ஊரை அமைத்தார்.

யார் வந்து குடியேறினார்கள் என்று பாருங்கள். 818இல் ஸ்பெயினின் கொர்டோபா நகரில் மன்னனை எதிர்த்துக் கலகம் செய்து விரட்டப்பட்ட குடும்பங்கள் ஒரு கரைக்கு வந்தன. துனிசியாவின் கைருவானிலிருந்து வந்தவர்கள் மறு கரையில் தங்கினார்கள். இன்றும் ஒரு பகுதிக்கு அந்தலூசியர் கரை என்றும், மற்றதற்குக் கைருவானியர் கரை என்றும் பெயர். பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்க வந்தவர்கள் கட்டிய ஊர் அது. கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது.

பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் இரண்டு ஊர்களும் மதில் கட்டிக்கொண்டு தனித்தனியே வாழ்ந்தன. பதினோராம் நூற்றாண்டில் யூசுப் இப்னு தாஷ்ஃபின் என்ற மன்னர்தான் இரண்டையும் ஒன்றாக்கினார். பிறகு மரீனித் அரசர்கள் இதைத் தலைநகராக்கி, 1276இல் மேற்கே அரண்மனையோடு ஒரு பகுதி கட்டினார்கள். அதற்குப் ‘புதிய ஃபெஸ்’ என்று பெயர். எழுநூறு வயது தாண்டியும் அது புதிய ஃபெஸ்தான்! சிரிக்காதீர்கள். எங்கள் தோட்டத்திலும் ‘புது லயம்’ என்று ஒன்று இருந்தது. இடிக்கும்போது அதற்கு அறுபது வயது.

அந்தப் பகுதியை ஒட்டி, 1438இல் யூதர்களுக்கென ஒரு குடியிருப்பு ஏற்பட்டது. ‘மெல்லா’ என்கிறார்கள். வீடுகளின் மரப் பலகணிகள் தெருவைப் பார்த்து நிற்கின்றன. முஸ்லிம் வீடுகளோ வெளியே வெறுஞ்சுவரும் உள்ளே முற்றமுமாக இருக்கும். யூதர்களில் பெரும்பாலோர் 1948க்குப் பிறகு இஸ்ரேலுக்கும் பிரான்சுக்கும் போய்விட்டார்கள். வீடுகளில் இப்போது வேறு மக்கள்.

வாசலோடு நின்ற வாத்தியார்

நகரின் நடு நெஞ்சு கரவியீன் பள்ளிவாசல். 859இல் இதைக் கட்டுவித்தவர் ஒரு பெண் என்று அந்நாட்டார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பாத்திமா அல்-பிஹ்ரி என்று பெயர். கைருவானிலிருந்து வந்த வணிகர் ஒருவரின் மகள். தகப்பனார் விட்டுப்போன சொத்தை இதற்கே செலவிட்டாராம். அவருடைய தங்கை மரியம் எதிர்க்கரையில் அந்தலூசியர் பள்ளிவாசலைக் கட்டுவித்தாராம். இந்தக் கதையை ஐயத்தோடு பார்க்கும் வரலாற்று ஆசிரியர்களும் உண்டு. ஆனால் பள்ளிவாசலைச் சுற்றி வளர்ந்த கல்விக்கூடத்தைப் பற்றி ஐயமில்லை. உலகில் இடைவிடாமல் நடந்துவரும் மிகப் பழைய பல்கலைக்கழகம் இதுவே என்று யுனெஸ்கோவும் கின்னஸ் புத்தகமும் சொல்கின்றன. பெண் ஒருத்தி தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்தக் கல்விக்கூடத்தில் பெண்கள் மாணவிகளாகச் சேர முடிந்தது 1940களில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போகக் கூடாது. பாய் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். எட்டிப் பார்த்தால் வெள்ளை வளைவுகள், அவற்றுக்கு அப்பால் வெயில் விழும் முற்றம், நடுவே நீர்த் தொட்டி. ஒரு கிழவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, எதிரே ஒரு சிறுவன் வாய்விட்டு எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தான். தடுக்கிய இடத்தில் கிழவர் விரலை உயர்த்துகிறார். பையன் திரும்பத் தொடங்குகிறான். மொழி புரியாவிட்டால் என்ன? நான் அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். திரும்பி வந்த பாய், “என்ன வாத்தியாரே, பள்ளிக்கூட நினைப்பு வந்துடுச்சா?” என்றார்.

நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் அமைந்தது. ஈரத்தில் சுவர் கெட்டுக் கிடந்ததை, அதே ஊரில் பிறந்த அஸீஸா ஷவூனி என்ற பெண் கட்டடக் கலைஞர் பழுது பார்த்து, 2016இல் திறக்கும்படி செய்தார். இப்னு கல்தூன் என்ற பேரறிஞரின் வரலாற்று நூலின் பழைய கையெழுத்துப் படி அங்கே பாதுகாக்கப்படுகிறது.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. இப்னு பதூதா என்ற ஊர் சுற்றியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்தவர். இருபத்தோரு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியவர், இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் நாடு திரும்பினார். இலங்கையில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். சிவனொளிபாத மலை ஏறினார். தமிழ்நாட்டுக் கரையில் இறங்கி, சுல்தான்கள் ஆண்ட மதுரைக்கு வந்து, அங்கே கொள்ளைநோய் பரவியிருந்ததைக் கண்டார். பிறகு நம் மலாக்கா நீரிணை வழியாகச் சீனா நோக்கிப் போனார். அத்தனையையும் அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்பவர் எழுதி, 1355இல் முடித்தது இந்த ஃபெஸ் நகரில்தான். எழுதச் சொல்லி ஆணையிட்டவர் சுல்தான் அபூ இனான். அவர் கட்டிய பூ இனானியா மதரசாவில் நம்மைப் போன்றவர்களும் நுழையலாம். தரையோரம் வண்ண ஓடு, அதற்குமேல் சுண்ணச் சிற்பம், அதற்குமேல் தேவதாரு மரச் செதுக்கல் என்று கண் வைத்த இடமெல்லாம் வேலைப்பாடு. எதிர்ச் சுவரில் 1357இல் அமைத்த நீர்க் கடிகாரத்தின் மிச்சம் இருக்கிறது. அது எப்படி ஓடியது என்ற நுட்பம் மறைந்துபோயிற்று.

ஒட்டுப்பால் வாடை

இனிக் கடைத்தெருவுக்கு வருவோம். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு தெரு. அத்தாரீனில் மசாலாவும் வாசனைப் பொருளும். சீரகம், மஞ்சள், இஞ்சி, இலவங்கப்பட்டை எல்லாம் குவியல் குவியலாக இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு நின்றால் பட்டணத்து மசாலா அரைக்கும் கடைதான்! நெஜ்ஜாரீனில் தச்சர்கள். செஃபாரீன் சதுக்கத்தில் செம்புக் கொட்டர்கள். மர நிழலில் உட்கார்ந்து அண்டாவும் தட்டும் அடிக்கிறார்கள். ஒருவன் சுத்தியல் ஓசைக்கு மற்றவன் இடைவெளி விட்டு அடிப்பதால் அதில் ஒரு தாளம் பிறக்கிறது.

சிவப்புக் குல்லாய் எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் தேடினேன். 1820களில் துருக்கி சுல்தான் தன் படைக்கும் அதிகாரிகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியதால் உலகமெல்லாம் பரவியது. 1925இல் அதே துருக்கியில் அத்தாதுர்க் அதைத் தடை செய்தார். ஃபெஸ் தெருவில் இரண்டு நாள் நடந்தும், அதைப் போட்டிருந்தவராக நாங்கள் கண்டது ஒரே ஒருவரை. சுற்றுலாப் பயணிகள் சாப்பிடும் கடையில் தேநீர் ஊற்றிக் கொடுத்தவர்!

சாமான் வாங்கும்போது பேரம் பேசத் தயங்காதீர்கள். செருப்புக் கடையில் நானூறு திர்ஹாமில் தொடங்கினார் கடைக்காரர். இருநூற்று இருபதில் முடிந்தது. ஒரு திர்ஹாம் நம் அரை வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. பாதி வழியில் புதினா போட்ட தேநீரும் வந்தது. தேயிலை சீனத்துப் பச்சைத் தேயிலை. சர்க்கரையோ, நம் ஊர்த் தே தாரிக் தோற்றுப்போகும்.

இரண்டாம் நாள், அரசு உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டோம். முப்பது வயது இருக்கும். நல்ல ஆங்கிலம் பேசினார். அவர் எங்களை ஷுவாரா தோல் பட்டறைக்கு அழைத்துப் போனார். ஒரு கடையின் மாடியிலிருந்துதான் பார்க்க வேண்டும். படி ஏறுமுன் கடைக்காரர் ஆளுக்கொரு புதினாக் கொத்து கொடுத்தார். “மூக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.”

கீழே பார்த்தேன். தேன்கூடு போல நூற்றுக்கணக்கான கல் தொட்டிகள். ஒரு பக்கம் வெள்ளைத் தொட்டிகள். மாட்டு மூத்திரமும் சுட்ட சுண்ணாம்பும் உப்பும் கலந்த நீரில் பச்சைத் தோலை இரண்டு மூன்று நாள் ஊறப் போடுகிறார்கள். மயிர் கழன்றுவிடும். சுரண்டி எடுத்த பிறகு புறா எச்சம் கரைத்த தொட்டியில் போட்டு, ஆள் இறங்கிக் காலால் மிதிக்கிறார். எச்சத்தில் உள்ள காரம் தோலை மிருதுவாக்குகிறது. பிறகு சாயத் தொட்டிகள்: சிவப்பு, நீலம், காவி, மஞ்சள். முன்பெல்லாம் கசகசாப் பூவும் அவுரியும் மருதாணியும்தான். இப்போது இரசாயனச் சாயமும் கலந்துவிட்டது. தொடை வரைக்கும் நனைந்தபடி ஆட்கள் தொட்டிக்குத் தொட்டி தாவுகிறார்கள். பல நூறு ஆண்டுகளாக இந்த முறை அதிகம் மாறவில்லை.

வாடை எப்படி என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி புதினாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கோ அந்த வாடை முதல் மூச்சிலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. மழை நாளில் ஸ்டோர் பின்புறம் குவித்து வைத்த கட்டிப்பாலும் ஒட்டுப்பாலும்! என் தாயார் முப்பது வருடம் மரம் சீவியவர். பள்ளி விட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால் அவர் கைலியில் அடிக்கும் அதே வாடை.

“உங்களுக்கு நாறவில்லையா?” என்று வழிகாட்டி கேட்டார். என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு மஞ்சள் தொட்டியைக் காட்டி, “என் அப்பா நின்ற இடம். எங்கள் வீட்டில் யாரும் புதினா வைத்துக்கொண்டு சாப்பிட உட்காரவில்லை” என்றார்.

“உங்களையும் வரச் சொன்னாரா?”

“ஒருநாள் விடுமுறையில் வந்து நின்றேன். மறுநாள் அவரே என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டார். ‘இந்தத் தண்ணீர் என்னோடு முடியட்டும்’ என்றார்.”

“அப்படியானால் இப்போது கீழே நிற்பவர்கள்?”

“மலைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். எங்கள் தெருப் பையன்கள் யாரும் இல்லை.”

பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நம் தோட்டங்களில் இன்று செம்பனைக் குலை வெட்டுபவர்கள் யார், நம் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று நான் இங்கே எழுத வேண்டுமா? என் பள்ளியில் நான் சேர்ந்தபோது நூற்றைம்பது பிள்ளைகள். இப்போது இருபத்து மூன்று. படித்து வெளியே போங்கள் என்று சொன்னதும் நான்தான். காலி நாற்காலிகளை எண்ணுவதும் நான்தான்.

இடிக்காமல் விட்டது ஏன்?

இவ்வளவு பழைய நகரம் எப்படி முழுசாக மிஞ்சியது? 1912 மார்ச் 30இல் இந்த ஊரில்தான் சுல்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு நாட்டைப் பிரெஞ்சுப் பாதுகாப்பில் ஒப்படைத்தார். அடுத்த மாதமே இங்கே பெருங்கலகம் வெடித்தது. பிரெஞ்சு ஆளுநர் லியோத்தே தலைநகரை ரபாத்துக்கு மாற்றினார். பழைய நகரத்தில் கை வைக்காமல், எட்டத்தில் ஐரோப்பியருக்குப் புதிய நகரம் கட்டினார். அது கருணையா, தள்ளிவைத்தலா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். என் எண்ணத்தில் இரண்டும்தான். மதில் தப்பியது, ஆனால் பணமும் வேலையும் வெளியே போயின. வசதியான வணிகக் குடும்பங்கள் காசாபிளாங்காவுக்கும் புதிய நகரத்துக்கும் நகர்ந்தன. விட்டுப்போன மாளிகைகளில் அறைக்கொரு குடும்பமாகக் கிராமத்து ஏழைகள் புகுந்தார்கள். 1956இல் விடுதலை கிடைத்த பின்பும் அது நிற்கவில்லை. 1981இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பிறகே பழுது பார்க்கும் வேலை பெரிதாகத் தொடங்கியது. இன்றும் பல சந்துகளில் இரு பக்கச் சுவருக்கும் நடுவே மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே குனிந்துதான் போக வேண்டும்.

கடைசி நாள் காலையில், தலையில் பலகை சுமந்த ஒரு சிறுமி எங்களுக்கு முன்னால் நடந்தாள். பலகையில் துணி மூடிய மாவு வட்டங்கள். வழிகாட்டி சொன்னார்: ஒவ்வொரு வட்டாரத்திலும் பள்ளிவாசல், ஓதும் பள்ளி, பொதுக்குழாய், குளியல் வீடு, அடுப்புக் கூடம் ஆகிய ஐந்தும் இருக்கும். வீட்டில் பிசைந்த மாவைப் பிள்ளைகள் பொது அடுப்புக்குக் கொண்டுவந்து சுட்டு வாங்கிப் போவார்கள். எந்த ரொட்டி எந்த வீட்டுடையது என்று அடுப்புக்காரருக்குப் பார்த்தவுடனே தெரியுமாம். லயத்துக் குழாயடியில் எந்த வாளி யாருடையது என்று நம் பெண்களுக்குத் தெரியாதா?

நீங்கள் போவதானால், கல் பாவிய சரிவில் வழுக்காத காலணி போட்டுக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை பாதிக் கடை மூடியிருக்கும். அன்று வீடுகளில் கூஸ்கூஸ் சமைப்பார்கள். ‘இங்கே வழி இல்லை’ என்று சொல்லி வலிய வந்து கூட்டிப்போகும் பையன்களிடம் கவனமாக இருங்கள். அந்தி நேரத்தில் வடக்குக் குன்றில் மரீனித் அரசர்களின் கல்லறைப் பக்கம் ஏறி நின்று பாருங்கள். பாங்கு ஒரு கோபுரத்தில் எழுந்து, மற்றொன்றுக்குத் தொற்றி, ஊர் முழுக்கப் பரவும்.

வீடு திரும்பியதும் அம்மாவிடம் செருப்பைக் கொடுத்தேன். சிவப்புத் தோல், முனை மடங்கியது. கையில் வாங்கியவர் முதலில் மூக்கருகே கொண்டு போனார்.

“ஸ்டோர் வாடை அடிக்குதுடா” என்றார். முகம் சுளிக்கவில்லை. தொட்டிகளைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே, செருப்பை மாட்டி வாசல் வரை நடந்து பார்த்தார்.

“அங்க தண்ணியில நிக்கிறவனுக்கு நாள் சம்பளம் எவ்வளவுடா?”

அதை மட்டும் நான் கேட்டு வரவில்லை.